பிரசவ அறையில் நல்லம்மாவின் சிங்களம்

கண்டிக்கு வருகிற வெள்ளைக்காரன் வாவியைப் பார்க்கிறான், யானையைப் பார்க்கிறான், கழுத்து வலிக்க மலையைப் பார்க்கிறான், திரும்பிப் போய்விடுகிறான். நல்லம்மாவைப் பார்க்காமல் போனவன் கண்டியையே பார்க்கவில்லை. பூமி உண்டான நாளிலிருந்து இன்று வரை அவளைப் போல ஒரு மொழிபெயர்ப்பாளர் பிறந்ததில்லை, இனிப் பிறக்கப் போவதும் இல்லை. சரியான காலத்தில் ஒரு கதிரையைப் போட்டு அவளை நடுவில் உட்கார வைத்திருந்தால் இரண்டாம் உலக யுத்தம் ஆளுக்கொரு பாலில்லாத பிளேன்டியோடு முடிந்திருக்கும். ஜெர்மன்காரனும் இங்கிலிஷ்காரனும் சம்பந்தியாகி ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

நம்பாதவர்கள் மகியாவையில் முனிசிபல் ஆட்கள் குடியிருக்கும் வரிசைக்கு வந்து, தண்ணீர்ப் பைப்படிக்கு எதிர்வீடு எது என்று கேட்கலாம். விடியற்காலை வந்தால் இடியப்ப உரலைப் பிழிந்துகொண்டிருப்பாள். அத்தனை இடியப்பமும் டவுனில் பாயிஸ் நானாவின் ஹோட்டலுக்குப் போகும். அது வயிற்றுப்பாட்டுக்கு. அவளுடைய நிஜமான தொழில் வாயில் இருந்தது.

புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். சின்ன வயதிலேயே பேராதனையில் ஒரு பெரிய சிங்கள வீட்டுக்குப் பிள்ளை பார்க்க அனுப்பிவிட்டார்கள். அங்கே எஜமானி நோனாவிடம் திட்டு வாங்கி வாங்கியே அவளுக்கு உயர்ந்த ரகச் சிங்களம் வந்துவிட்டது. வரிசையில் எல்லாருக்கும் கடைத்தெருச் சிங்களம் தெரியும். அதை வைத்துக் கத்தரிக்காய் வாங்கலாம், பஸ்ஸில் மிச்சக் காசுக்குச் சண்டை போடலாம். பொலிசுக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அது பற்றாது. அங்கெல்லாம் நல்லம்மா வேண்டும்.

அவள் வெறுமனே மாற்றிச் சொல்கிறவள் இல்லை. அரிசியைக் களைந்து கல் நீக்கி உலையில் போடுகிற மாதிரி, ஒரு பக்கத்துப் பேச்சைக் கழுவித்தான் மறுபக்கம் கொடுப்பாள். ஒருநாள் வரிசையில் இருக்கும் அழகமுத்து குடித்துவிட்டு நடுரோட்டில் படுத்ததற்காகப் பொலிசில் பிடித்து வைத்திருந்தார்கள். சார்ஜன் மேசையில் அடித்து, "இந்த நாயை மறுபடி ரோட்டில் கண்டேன் என்றால் இரண்டு காலையும் முறிப்பேன்" என்றார்.

நல்லம்மா அழகமுத்துவிடம் திரும்பினாள். "ராலஹாமி ஒன் காலைப் பத்தித்தான்யா கவலைப்படுறாரு. ராத்திரியில தனியா நடமாடாதேங்கிறாரு."

அழகமுத்து பதிலுக்குச் சார்ஜனின் அம்மாவைப் பற்றி ஒன்று சொன்னான். இங்கே எழுத முடியாது.

"உங்கள் அம்மாவுக்கு உடம்பு சுகமா என்று கேட்கிறான் சேர்" என்று நல்லம்மா சிங்களத்தில் சொன்னாள்.

சார்ஜனுக்கு முகம் இளகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலியாம். அழகமுத்துவை அவிழ்த்து விட்டு, வீடு வரைக்கும் பார்த்துப் போகச் சொன்னார். இப்படி எத்தனையோ. வரிசையில் பாதிப் பேர் வெளியே நடமாடுவது அவள் சொன்ன பொய்யினால்தான். யாரும் அதைப் பொய் என்று சொல்லவில்லை. நல்லம்மாவின் சிங்களம் என்று சொன்னார்கள்.

அவளுக்கு ஒரு தங்கச்சி, சீதா. நல்லம்மாவுக்குக் கலியாணம் இல்லை, பிள்ளைகுட்டி இல்லை, இருந்த ஒரே உறவு அவள்தான். தோட்டத்திலேயே வளர்ந்தவளை, முனிசிபலில் குப்பை லொறியில் வேலை செய்யும் செல்லச்சாமிக்குப் பேசி முடித்து அதே வரிசைக்குக் கொண்டுவந்தவளும் அக்காதான். சீதாவுக்கு முதல் பிள்ளை ஆண். வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். காயம் சீழ் பிடித்து, பிள்ளையைத் தூக்கிப் பால் கொடுக்கக்கூட முடியாமல் கிடந்தாள். மாமியார்க்காரி பைப்படியில் நின்று, "நாங்கள்லாம் முக்கிப் பெத்தோம். இவ படுத்துக்கிட்டே பெத்துட்டா" என்று ஊருக்கு விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அதனால் இரண்டாவது வந்தபோது சீதா ஒரே பிடியாய் நின்றாள். இந்தத் தரம் கிழிக்காமல் பெற வேண்டும். கிளினிக்கில் கேட்டதற்கு, முயன்று பார்க்கலாம், ஆனால் வலி எடுத்ததும் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் காலத்தில்தான் பெரியாஸ்பத்திரியில் பிரசவ அறைக்குத் துணையாய் ஒரு பொம்பளையை விடத் தொடங்கியிருந்தார்கள். வலி எடுத்ததும் சீதா, "வேற யாரும் வேணாம், அக்கா வரட்டும்" என்றாள். மாமியாருக்கு மூஞ்சி தொங்கிப் போனது.

நல்லம்மா போகும்போதே, வீட்டில் அலுமாரிப் பூட்டு, பெட்டிப் பூட்டு எல்லாவற்றையும் திறந்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். பூட்டுத் திறந்தால் பிள்ளைக்கு வழி திறக்கும் என்பது அவர்கள் வழக்கம். அது மட்டுமா? புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டில் அரிசி முடிந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை, நிறைந்துவிட்டது என்பார்கள். விளக்கை அணைப்பதில்லை, குளிர வைப்பார்கள். செத்தவர் பெயரை எடுப்பதில்லை. வலியில் இருக்கிறவள் காதில் ஒரு கெட்ட சொல் விழுந்தால் அது வயிற்றுக்குள் போய்விடும் என்று நல்லம்மா முழுசாய் நம்பினாள். எதையும் நம்பாதவளாகப் பொலிசில் நின்று கதை அளப்பவள் இதை நம்பினாள்.

பிற்பகலில் வலி ஏறியது. சீதா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். நல்லம்மா ஈரத் துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, நர்ஸ் மிஸ்ஸிமாரின் நடையை ஒவ்வொன்றாய் நடித்துக் காட்டினாள். சீதா வலிக்கு நடுவில் சிரித்தாள்.

அப்போதுதான் டொக்டர் வந்தாள். இளம் பிள்ளை, தடித்த மூக்குக் கண்ணாடி, தமிழ் ஒரு சொல்லும் வராது. சீதாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், மெஷினில் ஓடும் கோட்டைப் பார்த்தாள், மறுபடி வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நல்லம்மாவை ஒரு பக்கமாய் நிறுத்தி, அவசரப்படாமல், சொல் சொல்லாகச் சொன்னாள்.

"பிள்ளையின் இருதயத் துடிப்பு இறங்கி இறங்கி ஏறுகிறது. பழைய வெட்டு இருக்கிற இடத்தில் வலிக்கிறது என்கிறாள், அது எனக்குப் பிடிக்கவில்லை. இப்போதே ஒப்பரேசன் செய்வதுதான் நல்லது என்பது என் எண்ணம். இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தும் பார்க்கலாம். ஆனால் பொறுக்கும்போது அந்த வெட்டு பிரிந்தால் பிள்ளை செத்துப்போகலாம். தாய்க்கும் ஆபத்து. உடம்பு அவளுடையது. நான் சொன்ன எல்லாவற்றையும் அவளிடம் சொல்லுங்கள். கேள்வி இருந்தால் கேட்கச் சொல்லுங்கள். அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. நல்லம்மாவுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அதுதான் கொடுமை.

அவள் கட்டிலுக்குத் திரும்பி வந்தாள். சீதா வியர்த்துப்போய், தலைமயிர் நெற்றியில் ஒட்டிக்கொண்டு, அக்கா முகத்தையே பார்த்தாள். 'செத்துப்போகலாம்' என்ற சொல் நல்லம்மாவின் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த அறையில், அந்தக் காதுக்கு அதை எப்படிச் சொல்வது? வாய் தன் பழைய வேலையைச் செய்தது.

"என்னக்கா சொல்றாங்க?"

"ஒண்ணுமில்லம்மா. புள்ள கொஞ்சம் களைச்சிருக்காம். வேணும்னா ஒப்பரேசன் பண்ணலாமாம். இல்லாட்டிக் கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமாம். ஒன் இஷ்டம்ங்கிறாங்க."

"பயம் ஒண்ணும் இல்லையே?"

"சீ! என்ன பயம்? நான் இருக்கேன்ல?"

"அப்ப பொறுத்துக்கிறேன்க்கா. மறுபடி கிழிக்க வேணாம்னு சொல்லு."

நல்லம்மா டொக்டரிடம் போய், "பொறுக்கிறேன் என்கிறாள்" என்றாள்.

"எல்லாவற்றையும் சொன்னீர்களா? விளங்கியதா அவளுக்கு?"

"எல்லாம் சொன்னேன்."

டொக்டர் கட்டில் பக்கம் எட்டிப் பார்த்தாள். சீதா அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தாள். இப்படிச் சிரிக்கிறவளுக்கு எல்லாம் தெரிந்துதான் இருக்க வேண்டும் என்று அந்த டொக்டர்ப் பிள்ளை நம்பிவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கொடுத்ததும் நல்லம்மாதான்.

பிறகு நடந்தது ரொம்பச் சீக்கிரம் நடந்தது. சீதா திடீரென்று, "அக்கா, உள்ள என்னமோ கிழிஞ்சிருச்சு" என்றாள். கத்தவில்லை. யாரோ வெளியிலிருந்து கூப்பிட்டதைக் கேட்ட மாதிரித்தான் சொன்னாள். மிஸ்ஸிமார் ஓடி வந்தார்கள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. நல்லம்மா ஈரத் துணியோடு நடைபாதையில் நின்றாள்.

பெண் பிள்ளை. முடி நிறைய. சீதாவைக் காப்பாற்றிவிட்டார்கள். பிள்ளை அழவே இல்லை.

டொக்டர் வெளியே வந்தபோது கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். "பிள்ளை செத்துப்போகலாம் என்று நீங்கள் சொன்னபோது அவள் என்ன சொன்னாள்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தனக்கே விளங்காத ஒன்றை விளங்கிக்கொள்ள வந்தவள் மாதிரிக் கேட்டாள்.

"பொறுக்கிறேன் என்றுதான் சொன்னாள்" என்றாள் நல்லம்மா.

வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்காகப் பொய் சொன்னவள், அன்றைக்குத்தான் முதன்முதலாய்த் தனக்காக ஒன்று சொன்னாள்.

செல்லச்சாமி குப்பை லொறிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து, பிள்ளையை வாங்கி, ஒரு சின்னப் பெட்டியில் வைத்து, மகியாவைச் சுடுகாட்டுப் பக்கம் கொண்டுபோய்ப் புதைத்தான். பெட்டி இவ்வளவு லேசாய் இருக்கிறதே என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஆஸ்பத்திரி வாட்டில் சீதா கண் திறந்ததும் முதலில் சொன்னது இதுதான்: "எங்கிட்டக் கேட்டாங்கல்ல? நான்தானே வேணாம்னேன்."

அதற்குப் பிறகு அவள் அந்தச் சொல்லை விடவே இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தவர்களிடம் சொன்னாள். பைப்படியில் சொன்னாள். குடும்பநல மிஸ்ஸி வந்தபோது சொன்னாள். மீன்காரனிடம்கூடச் சொன்னாள். அவன் என்ன செய்வான் பாவம், தராசைப் பிடித்துக்கொண்டு நின்றான். "டொக்டர் நல்லவங்க. கேட்டாங்க. நான்தான் புடிவாதம் புடிச்சேன். என் வாயாலயே வேணாம்னேன்." மாமியார் அதைப் பிடித்துக்கொண்டாள். "ஒடம்பு அழகு கெட்டுரும்னு புள்ளையக் குடுத்தவ" என்று சொல்ல ஆரம்பித்தாள். சீதா சரிதான் என்பது போலக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவாள்.

பைப்படிக்கு எதிர்வீட்டில் நல்லம்மா இடியப்பம் பிழிந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சொல் போதும். 'நீ வேணாம்னது வேற, டொக்டர் கேட்டது வேற' என்று சொன்னால் தங்கச்சி தலையிலிருந்து அந்தப் பாரம் இறங்கிவிடும். அதோடு தங்கச்சியும் போய்விடுவாள். இது நல்லம்மாவுக்குத் தெரியும்.

சொல்லத்தான் போனாள். ஒருநாள் சீதா வீட்டு வாசலில் உட்கார்ந்து, "அன்னைக்கு அந்த டொக்டர் சொன்னதுல..." என்று தொடங்கினாள்.

சீதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ மட்டும் பக்கத்துல இல்லன்னா நானும் போயிருப்பேன்க்கா. என் புள்ளையக் கொன்னது நான். என்னைக் காப்பாத்துனது நீ."

நல்லம்மா எழுந்து வந்துவிட்டாள். உலகத்து மொழிபெயர்ப்பாளருக்கெல்லாம் தலைவி, தமிழிலிருந்து தமிழுக்கு ஒரு வரி மாற்ற முடியாமல் எழுந்து வந்தாள்.

அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் அவள் போகவில்லை. கச்சேரிக்கும் இல்லை, பொலிசுக்கும் இல்லை. அழகமுத்து மறுபடி பிடிபட்டுத் தானே தன் வாயால் சார்ஜனோடு பேசி, பேசியதன் பலனாகக் கன்னம் வீங்கி வந்தான். "ஏன் நல்லம்மா, ஒன் சிங்களத்துக்கு என்ன ஆச்சு?" என்று வாசலில் நின்று அழாத குறையாய்க் கேட்டான்.

"நெறஞ்சு போச்சு" என்றாள் அவள்.

இப்படிச் சில வருஷம் போனது. பக்கத்து வீட்டு இரத்தினம்மாவின் மகனுக்கு, தோட்டத்துப் பக்கத்திலிருந்து கமலம் என்று ஒரு பெண்ணைக் கட்டி வந்திருந்தார்கள். வாயாடி. வந்த முதல் மாதமே வரிசையில் எல்லாருக்கும் பட்டப்பெயர் வைத்துவிட்டாள். அவளுக்கு வலி எடுத்த அன்று புருஷன் கொழும்புக்கு லொறியில் போயிருந்தான். இரத்தினம்மா ஓடி வந்து நல்லம்மாவின் காலைப் பிடிக்காத குறை.

"நான் வந்தா உள்ளதைத்தான் சொல்வேன்" என்றாள் நல்லம்மா. "நல்லது கெட்டது பாக்க மாட்டேன்."

"என்னத்தையாவது சொல்லு, வந்தாப் போதும்" என்றாள் இரத்தினம்மா.

அதே அறை. டொக்டர் வேறு, ஒரு ஆண். அவரும் துடிப்பு இறங்குகிறது என்றார். பனிக்குடத் தண்ணீர் பச்சையாய்ப் போகிறது, ஒப்பரேசன் செய்வது நல்லது, கேட்டுச் சொல்லுங்கள் என்றார். நல்லம்மா கட்டிலண்டை போய் நின்றாள்.

"கமலம், கேளு. புள்ளையோட இருதயம் சரியா அடிக்கல. ஒப்பரேசன் பண்றது நல்லதுங்கிறாரு. பொறுத்தா தானா பொறந்தாலும் பொறக்கலாம். புள்ள செத்தும் போகலாம். நீ என்ன சொல்ற?"

"ஒன் வாயில புழு வைக்க!" என்று கமலம் கத்தினாள். "புள்ள பெறுறவகிட்டப் பேசுற பேச்சாடி இது? எந்திரிச்சன்னா ஒன் நாக்க அறுத்துப் போட்டுருவேன்!"

"அறுக்கலாம். இப்ப என்ன செய்யச் சொல்ற?"

கமலம் ஒரு வலி முழுக்கத் திட்டினாள். வலி இறங்கியதும் கேள்வி கேட்டாள். வெட்டினால் நான் சாவேனா? வெட்டினால் அடுத்ததையும் வெட்டத்தான் வேண்டுமா? எவ்வளவு நேரம் யோசிக்கலாம்? நல்லம்மா ஒவ்வொன்றாய் டொக்டரிடம் கேட்டு, அவர் சொன்னதை ஒரு உமி விடாமல் திருப்பிச் சொன்னாள். தெரியாது என்று அவர் சொன்னதையும் தெரியாது என்றே சொன்னாள். கடைசியில் கமலம் கண்ணை மூடிக்கொண்டு, "வெட்டச் சொல்லு, சனியனே" என்றாள்.

ஆண் பிள்ளை. வரிசைக்கே கேட்கிற மாதிரி அழுகை, அம்மா மாதிரியே.

தீட்டுக் கழித்த அன்று இரத்தினம்மா வீட்டில் பொம்பளைகள் நிறைந்திருந்தார்கள். சீதாவும் வந்து பிள்ளையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள். நல்லம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கமலம் படுத்தபடியே அன்றைய கூத்தை நடித்துக் காட்டினாள்.

"இந்தக் கெழவி இருக்கே, பேய் மாதிரி வந்து நின்னு, மூஞ்சியில ஒரு சிரிப்பு வேணுமே, இல்ல! 'பொறுத்தா புள்ள செத்தும் போகலாம்'ங்குது! எமனே எதிர்ல வந்து நின்னு கணக்குச் சொன்ன மாதிரி இருந்திச்சு. ஆனா ஒண்ணு, டொக்டர் சொன்னதுல ஒரு சொல்லு மறைக்கல. அதனாலதான் என் ராசா மடியில கெடக்குறான்."

எல்லாரும் சிரித்தார்கள். சீதாவும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் அவள் நின்றாள். வாசற்படியில் இருந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள். "எனக்கு அன்னைக்கு நீ இப்பிடிச் சொல்லலையே?"

நல்லம்மா எல்லாவற்றையும் சொன்னாள். சொல் சொல்லாக, அந்த இளம் டொக்டர் சொன்ன மாதிரியே, கழுவாமல் சொன்னாள். சீதா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு வந்து அக்காவின் மடியில் தலையை வைத்தாள். "எனக்காகத்தானேக்கா மறைச்ச," என்றாள். இரண்டு பேரும் பைப்படி வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார்கள். வரிசையே பார்த்துக் கண் கலங்கியது.

இவ்வளவும் எழுதி முடித்து, எழுதினவன் ஒரு விடியற்காலை பைப்படிக்கு எதிர்வீட்டில் போய் உட்கார்ந்து வாசித்துக் காட்டினான். நல்லம்மா உரலைப் பிழிந்துகொண்டே கேட்டாள். யுத்தத்தை நிறுத்திய இடத்தில், "போடா" என்றாள். சார்ஜன் அம்மாவின் இடத்தில் சிரித்தாள். பிரசவ அறை வந்ததும் உரல் நின்றது. கடைசிக்கு வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"இது எங்கடா நடந்திச்சு?"

"எது நல்லம்மாக்கா?"

"மடியில தலை வச்சது. கையப் புடிச்சிக்கிட்டுப் போனது."

எழுதினவன் தாளைப் பார்த்தான். "இல்ல, வாசிக்கிறவங்களுக்கு மனசு நொந்துரும்னு..."

"அவ ஒண்ணும் கேக்கல. என்னைப் பாத்தா. புள்ளையக் கமலத்துகிட்டக் குடுத்தா. செருப்பைப் போட்டா. போயிட்டா." அடுப்பில் தட்டுகளின் ஆவி சீறியது. நல்லம்மா அதைக் கவனிக்கவில்லை. "அதுக்கப்புறம் 'நான்தான் வேணாம்னேன்'னு அவ யாருகிட்டயும் சொல்றதில்ல. என் வீட்டுப் பக்கம் வாறதுமில்ல. தண்ணிக்குக் கீழ்ப் பைப்புக்குப் போறா, அம்புட்டுத் தூரம் குடத்தைத் தூக்கிக்கிட்டு. ஒனக்குத் தெரியாதா? தெனம் பாக்குறியே."

"கேட்டிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்கதானே?"

"சொல்லியிருப்பேன்" என்றாள். உடனே தலையை ஆட்டினாள். "இல்ல. அது தெரியாது. அதையும் எழுது."

எழுதினவன், கடைசிப் பக்கத்தை வேண்டுமானால் கொஞ்சம் மாற்றலாம், மிச்சம் இருக்கட்டும், அதைச் சீதாக்கா வாசித்தால் ஒருவேளை திரும்பி வந்தாலும் வரலாம் என்று முணுமுணுத்தான்.

"கொஞ்சமா?" நல்லம்மா மாவுக் கையை நீட்டி அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டாள். "அவ மன்னிச்சுட்டான்னு எழுதியிருக்கியே, அவகிட்டக் கேட்டியாடா?"